பெரிய மோட்டார் வேண்டாம், கூடையைப் பாருங்கள்: லெகோ பந்து இயந்திரம் நாள் முழுக்க ஓட

கேள்வி: நானும் என் மகளும் லெகோவில் ஜிபிசி (கிரேட் பால் கான்ட்ராப்ஷன்) வகைப் பந்து இயந்திரம் ஒன்று கட்டியிருக்கிறோம். கூடையில் விழும் பந்துகள் குறுகும் சரிவு வழியாக இறங்கும். ஆறு குழிகள் உள்ள ஒரு சக்கரம் அவற்றை அள்ளி மேலே கொண்டுபோய், பாதையில் விட்டு, அடுத்த கூடைக்கு அனுப்பும். வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் அழகாக ஓடுகிறது. பிறகு கூடையில் பந்துகள் சிக்கிக்கொள்கின்றன. விரலால் கிளறினால் சரியாகிறது. சில நேரம் மோட்டாரே நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது. அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் மற்றவர்களின் இயந்திரங்களோடு இணைத்து நாள் முழுக்க ஓட்ட வேண்டும். இப்போது இருப்பது எக்ஸ்எல் மோட்டார். இரண்டாவதாக இன்னொன்றையும் சேர்த்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலும் இன்னும் மோசமாகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். லெகோவின் சிறிய கால்பந்து சுமார் 14 மி.மீ. விட்டம் உள்ளது, எடை இரண்டு கிராம்கூடத் தேறாது. நொடிக்கு ஒரு பந்தை 20 செ.மீ. உயரம் தூக்க, ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு சக்திகூட வேண்டாம். எக்ஸ்எல் மோட்டாரோ தன்னந்தனியாக ஒரு வாட்டுக்கு மேல் கொடுக்கக்கூடியது. அப்படியென்றால் அது மீதியை எங்கே செலவழிக்கிறது? பந்தைத் தூக்குவதில் அல்ல, உரசலில். உங்கள் மோட்டார் திணறுகிறது என்றால் எங்கோ இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இன்னொரு மோட்டார் வந்தால் அந்த உரசலை இன்னும் வலுவாகத் தேய்க்கும், அவ்வளவுதான்.

நின்ற மோட்டார் ஓய்வுக்குப் பிறகு தானே ஓடுவதும் இதையே சொல்கிறது. எக்ஸ்எல் உள்ளிட்ட லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசை மோட்டார்களுக்குள், அதிகச் சூட்டிலிருந்து காக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அளவுக்கு மேல் சுமை ஏறிச் சூடானால் அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும், ஆறியதும் விட்டுவிடும். மோட்டார் கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அடுத்த முறை நின்றதும் தொட்டுப் பாருங்கள். கதகதவென்று இருந்தால் உரசல்தான் குற்றவாளி. சூடே இல்லாமல் நின்றிருந்தால் சக்கரத்தின் வாயில் ஒரு பந்து நசுங்கிக்கொண்டிருக்கும்; அது வேறு நோய், கீழே வருகிறேன்.

உரசலைக் கண்டுபிடிக்க மோட்டாரைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த ஆக்ஸிலை (அச்சுத் தண்டை) இரண்டு விரலால் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்று முழுவதும் ஒரே மாதிரி இளக்கமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஏதோ ஒரு ஆக்ஸில் வளைந்திருக்கிறது, அல்லது ஒரு கியர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் ஆக்ஸிலை நகராமல் பிடிக்கும் சிறு வளையங்களான புஷ்ஷிங்குகளைப் பாருங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் அவற்றைப் பீமோடு (ஆக்ஸில் நுழையும் ஓட்டைகள் உள்ள நீளத் துண்டு) ஒட்ட அழுத்திவிடுவார்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். அடுத்தது, ஒவ்வொரு ஆக்ஸிலும் இரண்டு இடத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், கனமான சக்கரம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாங்கி, மறுபக்கம் சக்கரத்தைத் தொங்கவிட்டால் பீமின் ஓட்டை மெல்ல மெல்ல நீள்வட்டமாகத் தேயும். ஆக்ஸில் நுழையும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தூள் படிந்திருந்தால் அங்கேதான் பக்கவாட்டு இழுப்பு. எண்ணெய் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பெட்ரோலிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிரிக்குகள் செய்யப்பட்டிருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில எண்ணெய்கள் பட்டால் அழுத்தமுள்ள இடங்களில் வெடிப்பு விடும். நான் எதுவும் போடுவதில்லை. சரியாகத் தாங்கப்பட்ட ஆக்ஸிலுக்கு எண்ணெய் தேவைப்படாது.

இனி கூடை. உண்மையான சண்டை அங்கேதான். பந்தைத் தூக்குவது எளிது. குவியலாகக் கிடக்கும் பந்துகளை ஒன்றொன்றாகப் பிரிப்பதுதான் கடினம். இயந்திரத்தின் மற்றப் பாகங்களுக்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட கூடையைக் கடைசி நாளில் நாலு சுவரோடு முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் கூடை எட்டு ஸ்டட் அகலத்திலிருந்து இரண்டு ஸ்டட் அகலத்துக்குக் குறுகுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்டட் என்பது பிரிக்கின் மேல் உள்ள குமிழ்; ஒரு ஸ்டட் இடைவெளி 8 மி.மீ.; ஆக 64 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ. இரண்டு ஸ்டட் வழியில் 14 மி.மீ. பந்து சுகமாக உருளும், தவறில்லை. சிக்கல் அதற்கு முன்னால். வழி 28 மி.மீ. அளவுக்குக் குறுகும் இடத்தில் இரண்டு பந்துகள் ஒரே நேரத்தில் வந்து தோளோடு தோள் முட்டி நிற்கின்றன. பின்னால் உள்ள பந்துகளின் எடை அவற்றை இரு பக்கச் சுவர்களோடும் அழுத்துகிறது. கல் வளைவு தன் பளுவாலேயே நிற்பது போல, அழுத்தம் கூடக் கூட அந்த ஜோடி இன்னும் கெட்டியாகிறது. தானியக் கிடங்குகளிலும் மருந்து ஆலைகளிலும் பொறியாளர்கள் மல்லுக்கட்டுவது இதே வளைவோடுதான். திறப்பு, உருண்டையின் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்காவது இருந்தால்தான் வளைவு அரிதாகும். உங்கள் கூடையின் முழு அகலமே பந்தைப் போல நாலரை மடங்குதான். ஆகவே சரிவை இன்னும் செங்குத்தாக்கினால் தீருமா என்று முயலாதீர்கள். அழுத்தம் கூடுமே தவிர அடைப்பு நீங்காது.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, சமச்சீரைக் கெடுங்கள். இரு பக்கமும் ஒரே சாய்வில் குறுகும் புனல் வடிவம்தான் வளைவுக்கு மிகப் பிடித்த வீடு. ஒரு சுவரை நேராக, செங்குத்தாக வைத்துவிட்டு மற்றதை மட்டும் சாயுங்கள். வெளியேறும் வாயை நேர்ச் சுவரை ஒட்டி மூலையில் வையுங்கள். இரண்டு பந்துகளுக்கும் சமமான பிடிமானம் கிடைக்காது, ஒன்று முந்திக்கொள்ளும். அடைப்பு குறையும், ஒழியாது.

இரண்டாவதுதான் மருந்து: கூடைக்குள் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். சக்கரம் சுழலும் அதே ஆக்ஸில் தொடரிலிருந்து ஒரு மையம் விலகிய கேமை (சுற்றும்போது எதையாவது ஏற்றி இறக்கும் வட்டத் துண்டு) எடுத்து, கூடைத் தரையின் ஒரு பகுதியை நொடிக்கு ஒருமுறை ஏழெட்டு மி.மீ. ஏற்றி இறக்குங்கள். அதாவது பாதிப் பந்து உயரம். அதற்கு மேல் போனால் பந்துகள் வெளியே துள்ளும். அசையும் தரை எங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம்: வாயின் ஓரத்தில் வேண்டாம், வழி 28 மி.மீ. ஆகும் அந்த இடத்துக்கு அடியில். நீங்கள் விரலால் கிளறுவது எந்த இடத்தில் என்று நினைத்துப் பாருங்கள். விரல் போகும் இடத்துக்குத்தான் கேமும் போக வேண்டும். ஜப்பானின் அகியுகி போன்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் காணொளிகளைப் பார்க்கும்போது மேலே நடக்கும் வித்தையை விட்டுவிட்டு ஒருமுறை கூடையை மட்டும் பாருங்கள். படிப்படியாகத் தூக்கும் ஸ்டெப்பர் வகை இயந்திரங்கள் இத்தனை பிரபலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. முதல் படி கூடைக்குள்ளேயே மேலும் கீழும் அசைவதால் கிளறும் வேலை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

கூடைத் தரையில் ஸ்டட் தெரிந்தால் டைல் (மேலே ஸ்டட் இல்லாத தட்டைத் துண்டு) போட்டு மூடுங்கள். ஸ்டட்களுக்கு நடுவே பந்து உட்கார்ந்துகொள்ளும். வழவழப்பான டைல் தரைக்கு எட்டு ஸ்டட் நீளத்தில் ஒரு பிளேட் (மெல்லிய தட்டைத் துண்டு) உயரம் இறங்கினாலே, அதாவது 64 மி.மீ.க்கு 3.2 மி.மீ., பந்து உருண்டுவிடும். உங்கள் வெளியேறும் பாதைக்கும் அதே சாய்வு போதும். மூன்று ஸ்டட் அகலப் பாதை மட்டும் எங்கும் வேண்டாம்: 24 மி.மீ.யில் இரண்டு பந்து பக்கத்தில் பக்கமாகப் போக முடியாது, ஒன்றாகவும் வரிசைப்படாது. கோணல்மாணலாக ஏறி நெருக்கிக்கொள்ளும். இரண்டு ஸ்டட், இல்லையென்றால் நான்கு.

இப்போது அந்த இன்னொரு நோய். சக்கரத்தின் குழிக்குள் பந்து பாதி நுழைந்திருக்கும்போது குழியின் விளிம்புக்கும் கூடையின் உதட்டுக்கும் நடுவே அது மாட்டிக்கொள்ளும். வளைவு அடைப்பில் சக்கரம் வெறுமனே சுற்றும். இதில் சக்கரம் நின்றே போகும். மோட்டார் வலுவானதாக இருந்தால் ஏதாவது ஒரு துண்டு பிதுங்கி வெளியே வரும். இதனால்தான் இரண்டாவது மோட்டார் வேண்டாம் என்றேன். உதட்டை இறுக்கமான பிரிக்கால் கட்டாமல், கீலில் ஆடும் ஒரு பிளேட்டாக வைத்து, ரப்பர் பேண்டால் இழுத்துப் பிடியுங்கள். மாட்டிய பந்து அதைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கும், உதடு திரும்பி வரும். கூடவே லெகோவின் 24 பல் வெள்ளை கிளட்ச் கியரையும் சேருங்கள். அதன் மேலேயே 2.5 – 5.0 நியூட்டன் சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருக்கும். முறுக்கு விசை அந்த அளவைத் தாண்டினால் உள்ளுக்குள் நழுவும். மோட்டாருக்கு அருகில், அதாவது 8 பல் கியர் முதன்முதலில் தொடும் 24 பல்லின் இடத்தில் வையுங்கள். மெதுவாகச் சுற்றும் கடைசி ஆக்ஸிலில் வைத்தால் முறுக்கு விசை அங்கே அதிகம் என்பதால் சாதாரண ஓட்டத்திலேயே நழுவத் தொடங்கிவிடும்.

வேகத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். இந்த வகை இயந்திரங்களை ஒன்றோடொன்று கோக்கும் விதிமுறையை 2000-களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டீவ் ஹாசன்பிளக் முதலான சிலர் வகுத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அதுதான் அடிப்படை. ஒவ்வொரு இயந்திரமும் சராசரியாக நொடிக்கு ஒரு பந்தை ஏற்க வேண்டும். தொடர்ச்சியாகவும் கொடுக்கலாம், சேர்த்துவைத்து மொத்தமாகவும் கொட்டலாம்; ஆனால் ஒரு கொட்டலில் 30 பந்துகளுக்கு மேல் கூடாது. வரவுக் கூடை வெளிப்புறம் 10 ஸ்டட் சதுரம், உட்புறம் 8 ஸ்டட் சதுரம், மேல் விளிம்பு 10 பிரிக் உயரம், அதாவது 96 மி.மீ.

எக்ஸ்எல் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 220 சுற்று அளவில் ஓடும். சுமையோடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பல் கியரால் 24 பல் கியரைச் சுற்றி, இப்படி இருமுறை வேகத்தைக் குறைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 16, 17 சுற்று. ஆறு குழிக்கு நிமிடத்தில் நூறு பந்து. தேவை அறுபதுதான். இந்த உபரி இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழியும் எல்லாச் சுற்றிலும் நிறையாது. பத்தில் நான்கு குழி காலியாகப் போனாலும் உங்கள் கணக்கு நேராகிவிடும். அதற்காக வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டாம். வேகமாகச் சுற்றும் குழியில் பந்து இறங்க நேரம் கிடைக்காமல் தட்டுப்பட்டுத் தெறிக்கும், நிறைவு இன்னும் குறையும்.

வீட்டில் நன்றாக ஓடியது கண்காட்சியில் ஏன் நிற்கும் என்பதற்கும் இங்கேதான் விடை. வீட்டில் உங்கள் இயந்திரம் தன் பந்துகளைத் தானே சுற்றவிட்டுக்கொண்டிருக்கும். வரவு சீராக இருக்கும். அங்கே பக்கத்து இயந்திரம் அரை நிமிடம் ஒன்றும் தராமல் இருந்துவிட்டு முப்பது பந்தை ஒரே மூச்சில் கொட்டலாம். அதனால் சோதனையையும் அப்படியே செய்யுங்கள். மகள் ஒரு கிண்ணத்தில் முப்பது பந்தை வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டட்டும். சக்கரம் மொத்தத்தையும் அடுத்த கொட்டலுக்குள் தீர்த்துவிட வேண்டும். கூடவே, வெளியேறும் பந்து அடுத்த கூடையின் நடுவில் விழுகிறதா, விளிம்பில் பட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தரையில் உருண்டோடும் பந்துகளில் பெரும்பங்கு இந்தக் கைமாற்றத்தில் தவறுபவைதான்.

பந்துகளையும் கலந்து சோதியுங்கள். ஒரே வட்டத்தில் பலருடைய பந்துகளும் சுற்றும். மேலே அச்சிட்ட படம் தேய்ந்தவை, புதியவை, கூடைப்பந்து வடிவத்தில் மேற்பரப்பு சொரசொரப்பானவை எல்லாம் உங்களிடம் வரும். உங்கள் இரண்டு ஸ்டட் வழியில் இருக்கும் தளர்வு 2 மி.மீ. மட்டுமே, எங்காவது ஒரு பிரிக் சரியாக அமராமல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு பந்துக்குச் சரியாகவும் இன்னொன்றுக்கு அடைப்பாகவும் இருக்கும்.

மின்சாரம்: பேட்டரியை நம்ப வேண்டாம். ஆறு புதிய ஏஏ பேட்டரிகள் 9 வோல்ட் தரும், மணிக்கு மணி இறங்கும். ரீசார்ஜ் வகை தொடக்கத்திலேயே 7.2 வோல்ட்தான். வேகம் அதற்கேற்பக் குறையும், மேலே போட்ட உபரிக் கணக்கு கரைந்துவிடும். லெகோவின் சில பேட்டரிப் பெட்டிகள் இரண்டு மணி நேரத்தில் தாமே அணைந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பழைய 9 வோல்ட் ரயில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை இந்த வேலைக்குப் பலர் வைத்திருக்கிறார்கள், நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். சுவரிலிருந்து மின்சாரம் வரும், குமிழைத் திருப்பி வேகத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். மேசையில் மின் இணைப்பு உண்டா, பந்துகள் எந்தத் திசையில் போகும், மேசையின் பின்விளிம்பிலிருந்து கூடை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். திசை மாறினால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அது ஒரு ராத்திரி வேலை இல்லை.

அன்றைக்கு யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் கூடையில் தோராயமாக நூறு பந்து கொள்ளும். இயந்திரம் நின்றுவிட்டால், நொடிக்கு ஒன்று வீதம் வந்துகொண்டிருக்கும் பந்துகள் ஒன்றரை நிமிடத்தில் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும். உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அதற்குள் சரிசெய்ய முடியாது என்று தெரிந்தால் இயந்திரத்தோடு போராடாதீர்கள். ஒரு காலி டப்பாவைக் கூடைக்குப் பதிலாக வைத்து வரும் பந்துகளைப் பிடித்து, கையால் அடுத்தவர் கூடையில் போட்டுக்கொண்டிருங்கள். உங்கள் இருவரில் மற்றவர் அதற்குள் இயந்திரத்தைச் சரிபார்க்கட்டும். டப்பாவை மேசைக்கு அடியில் முன்கூட்டியே வைத்துவிடுங்கள், ஒரு உபரி கிளட்ச் கியரும் சில ரப்பர் பேண்டுகளும் அதற்குள்ளேயே இருக்கட்டும்.