தாமானுக்கு வந்த பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது?

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமுக்கு வெளியே, முன்பு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய புதுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, இரண்டு வருடங்களுக்கு முன் குடிவந்தோம். மகன் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். நடந்து போகும் தூரத்தில் மலாய் வழித் தேசியப் பள்ளி இருக்கிறது. பட்டணத்தில் சீனப்பள்ளி, வேன் வசதி உண்டு, வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஏழு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துக்குள் ஒரு தமிழ்ப்பள்ளி, மொத்தமே 46 பிள்ளைகள்.

இங்கே தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்கு மேல் இருக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் இதே பேச்சுதான். பெரும்பாலோர் சீனப்பள்ளி என்கிறார்கள். எங்களோடு இருக்கும் மாமியார் தமிழ்ப்பள்ளி என்கிறார். என் கணவர் தோட்டப் பள்ளியில் படித்தவர், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தவர். "நான் பட்டது போதும், என் மகனுக்கு வேண்டாம்" என்கிறார். அவருக்குப் பக்கத்துப் பினாங்கு மாநிலத்துப் பிறையில் தொழிற்சாலை வேலை, எனக்குப் பட்டணத்தில் கணக்கு எழுதும் வேலை. வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறோம். மகன் படிப்பது ஆங்கிலப் பாலர் பள்ளி. 247 எழுத்துகளை அவன் எப்படிக் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று பயமாகவும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? தவறிப்போனால் பிறகு மாற்ற முடியுமா?

(பெயர் வேண்டாம் ஐயா)

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தில் இருக்கும் எல்லாவற்றையும்விட உங்கள் கணவர் சொன்னதுதான் கனமானது. அதற்குப் பதில் சொல்லாமல் பள்ளியைப் பற்றிப் பேச முடியாது.

புகுமுக வகுப்பு என்றால் என்னவென்று உங்கள் மாமியாருக்குத் தெரியும், தாமானில் இருக்கும் இளம் பெற்றோர் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ ஆறு ஆண்டு படித்த பிள்ளை, மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாவிட்டால், படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்புக்குப் போகுமுன் ஓராண்டு தனியாக உட்கார வேண்டும். ஒத்த வயதுக்காரர்கள் ஒரு படி மேலே போய்விடுவார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அந்த வகுப்பை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பதின்மூன்று வயதில் அந்தப் பார்வையைத் தாங்கியவர் அதை மறக்க மாட்டார். தன் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று அவர் சொல்வது நியாயம். அவரிடம் மொழிப்பற்றைப் பற்றிப் பேசி வாதாடாதீர்கள். அவர் தமிழை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் அவர் வளர்ந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தமிழ், மளிகைக் கடையில் தமிழ், கோயிலில் தமிழ், பள்ளியிலும் தமிழ். மலாய் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்த மொழி. தோட்டத்துப் பிள்ளை ஒரு மலாய்ப் பையனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தது பல இடங்களில் இடைநிலைப்பள்ளியில்தான். அங்கே கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் ஒரேயடியாக மலாயில் வந்து விழுந்தன. பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை, காது பழகவில்லை. உங்கள் மகன் வளர்வது அந்த லயத்தில் இல்லை. அவனோடு சைக்கிள் விடுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் மலாய்க்காரர்களாக இருப்பார்கள். தாமான் காவலாளியிடம், நாசி லெமாக் விற்கும் அக்காவிடம், விளையாட்டுத் திடலில் என்று அவன் மலாயை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அப்பாவுக்குக் கிடைக்காத முதலீடு இது. தமிழ்ப்பள்ளியிலும் முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் கட்டாயப் பாடம். அதை அங்கே யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதை மட்டும் நீங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் தமிழ்ப்பள்ளி ஏன் ஏழு கிலோமீட்டர் தள்ளி செம்பனைக்குள் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அதனால்தான் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், சில சமயம் கங்காணியே வாத்தியார். சுதந்திரம் பெற்ற 1957இல் நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சிறு துண்டுகளாக விற்கப்பட்டன, பிறகு வீடமைப்புப் பகுதிகளாக மாறின, மக்கள் பட்டணத்துக்கும் தாமானுக்கும் போனார்கள். பள்ளி மட்டும் கம்பெனி நிலத்தில் தங்கிவிட்டது.

சில பள்ளிகள் பிள்ளைகளைத் தேடி வந்தன. சீஃபீல்டு தோட்டப் பள்ளி இன்று சுபாங் ஜெயாவில் இருக்கிறது, மிட்லண்ட்ஸ் தோட்டப் பள்ளி ஷா ஆலாமில் இருக்கிறது. பெயரில்தான் தோட்டம், சுற்றிலும் நகரம். இந்த மாற்றங்கள் தாமாக நடந்துவிடவில்லை. பள்ளி வாரியமும் பெற்றோரும் மனு எழுதி, நிலம் கேட்டு, அலைந்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று காட்ட முடிந்த இடத்தில்தான் அந்தப் பேச்சே தொடங்க முடிந்தது.

சரி, 46 பிள்ளைகள். 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் தாமானில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். என் எண்ணம் வேறு. ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தால், எவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான் என்று ஆசிரியருக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். நாற்பது பேரில் ஒருவனாக இருக்கும் அமைதியான பிள்ளை மூன்றாம் ஆண்டுவரைகூடக் கண்ணில் படாமல் போகலாம். நான் பார்த்த சிறிய பள்ளிகளில் தலைமையாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வீட்டில் பாட்டிக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். படிக்கத் தொடங்கும் வயதில் ஒரு பிள்ளைக்கு இது பெரிய பலம்.

குறையையும் சொல்ல வேண்டும். காற்பந்துக் குழு சேர்க்க ஆள் போதாது. வகுப்பில் ஒத்த நண்பன் அமையாவிட்டால் ஆறு ஆண்டும் அதே ஏழு முகம்தான். ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் பள்ளியே ஆட்டம் காணும். பிள்ளைகள் 30க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இணைத்து நடத்தும் நிலை வரும். உங்கள் பள்ளி அந்த எல்லையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பள்ளியைக் காப்பாற்றுவதற்காக உங்கள் மகனை அனுப்புங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். பிள்ளை பிரச்சாரப் பொருள் அல்ல.

சீனப்பள்ளியைப் பற்றி உங்கள் குழுவில் சொல்வதில் உண்மை உண்டு. கணிதத்தில் பழக்கம் கொடுப்பார்கள், கண்டிப்பு இருக்கும், மாண்டரின் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு. ஆனால் அங்கே மாண்டரின் ஒரு பாடம் மட்டும் இல்லை. கணிதமும் அறிவியலும் அதில்தான். இரவு எட்டு மணிக்கு வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு மகன் அழும்போது, கேள்வி என்ன கேட்கிறது என்றே உங்கள் இருவருக்கும் தெரியாது. அப்போது டியூஷன், பள்ளி முடிந்தவுடன் பராமரிப்பு மையம், அங்கிருந்து வேன் என்று ஏழு வயதுப் பிள்ளையின் நாள் இருட்டும்வரை நீளும். அதைத் தாங்கி நன்றாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் பெரும்பாலும் மாண்டரின் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருந்தார், அல்லது செலவு செய்யப் பணம் இருந்தது. வீட்டில் யாருமே படிக்க முடியாத மொழியில் ஒரு பிள்ளையைத் தனியாக விடுவதற்கு எனக்கு மனம் வராது.

வாசலில் இருக்கும் தேசியப் பள்ளியை யாரும் இழிவாகப் பேச வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், நடந்து போகும் தூரம் என்பது உண்மையான காரணம். அங்கே சேர்த்தால் ஒரு வேலையை உடனே செய்யுங்கள். தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. பலருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. கையெழுத்து வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். ஆசிரியர் கிடைப்பது தாமதமாகலாம், விடாமல் கேட்க வேண்டும். அப்போதுதான் பின்னால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்க அவனுக்கு வழி இருக்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் மகனுக்குத் தமிழ்ப்பள்ளியைச் சொல்வேன். வீட்டில் தமிழ் கலந்து பேசுகிறோம் என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கலந்து பேசினாலும் கோபமும் கொஞ்சலும் அவனுக்குத் தமிழில்தானே வருகின்றன? தாமானில் மலாயும் பாலர் பள்ளியில் ஆங்கிலமும் அவனைத் தேடி வருகின்றன. தமிழ் எழுத்து மட்டும்தான் யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தராவிட்டால் வராது. அதற்கு இந்த வயதைவிட நல்ல வயது கிடையாது. பாட்டி வீட்டிலேயே இருக்கிறார். அவன் எழுதிக் கொண்டுவரும் பாடத்தை வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறது. மற்ற இரண்டு பள்ளிகளில் பாட்டிக்கு அந்த இடம் இருக்காது.

247ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் இவை சேர்ந்து வருபவை. கால், கொம்பு, சுழி போன்ற குறிகள் பிடிபட்டுவிட்டால் பிள்ளைகள் தாமே கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். உகர ஊகார எழுத்துகள் மட்டும் கொஞ்சம் படுத்தும். அதற்கும் ஒரு பள்ளித் தவணை போதும்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை ஏ எத்தனை என்று எண்ணிப் பள்ளியை எடைபோட்டார்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் கடைசி ஆண்டுகளில் எட்டுத் தாள் எழுதினார்கள், தேசியப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு. 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் கட்டடத்தையும் வாசலில் நிற்கும் கார்களையும் வைத்து முடிவு செய்கிறார்கள். நீங்கள் நேரில் போங்கள். கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். பிறையில் உங்கள் கணவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துப் பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது அவரால் போக முடியும். முன்கூட்டித் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் கணவரையே கூட்டிப் போங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றை அழைத்து மலாயில் நாலு கேள்வி அவரே கேட்கட்டும். அந்தப் பிள்ளை தடுமாறாமல் பதில் சொன்னால் அவர் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். தடுமாறினால் அவர் சொன்னதுதான் சரி, வேறு பள்ளியைப் பாருங்கள்.

அங்கே கேட்க வேண்டியது இன்னொன்று. கணிதம், அறிவியல் எந்த மொழியில் நடக்கிறது? 2016 முதல் இருமொழித் திட்டம் என்று சில பள்ளிகள் இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் நடத்துகின்றன. பெற்றோர் பலருக்கு அது கவர்ச்சியாக இருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை. தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டு, யோசிக்க வேண்டிய பாடங்களைத் தமிழிலிருந்து எடுத்துவிட்டால், தமிழ் அங்கே ஒரு மொழிப்பாடமாகச் சுருங்கிவிடும். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், நூலகத்துப் புத்தகங்கள் பிள்ளைகள் கைபட்டுக் கசங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். இருபது குடும்பமும் தனித்தனியாக முடிவெடுத்தால் ஏழு கிலோமீட்டர் பெரிய தூரம்தான். ஐந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன். ஐந்து பிள்ளைகள் ஒன்றாக முதலாம் ஆண்டில் போய் உட்கார்ந்தால் அந்த வகுப்பின் முகமே மாறும், ஒத்த நண்பன் இல்லை என்ற குறையும் தீரும். தோட்டத் துண்டாடலின்போது 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், தினக்கூலி வாங்கிய பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளால் ஒரு வேன் அமர்த்த முடியும். குழுவில் பொதுவாக விவாதம் வேண்டாம். அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மட்டும் நேரில் போய், பள்ளியைப் பார்க்க வருகிறீர்களா என்று கேளுங்கள். பார்த்தபிறகு வேண்டாம் என்பவர்களைத் திரும்ப வற்புறுத்தக் கூடாது.

ஒரே ஒரு நிலையில் நான் சொன்ன எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிடலாம். பிள்ளைக்குப் பேச்சிலோ கற்றலிலோ சிறப்புக் கவனிப்பு தேவைப்பட்டால், சிறப்புக் கல்வி வகுப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அதுதான் உங்கள் பள்ளி. எல்லாப் பள்ளியிலும் அது கிடையாது.

மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் மாறும் பிள்ளை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டில் சீனப்பள்ளிக்குள் நுழைவது மிகவும் கடினம், அங்கிருந்து மூன்றாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளையும் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு முன்கூட்டியே நடப்பது. இன்னும் பதியவில்லை என்றால் பிறப்புப் பத்திரத்தையும் வீட்டு முகவரி காட்டும் பில்லையும் எடுத்துக்கொண்டு முதலில் பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தபிறகு உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்.