இங்கிலாந்தின் சிறிய ஊர் ஒன்றில் வளர்ந்த சிறுவயது நினைவுகள் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் போய் இறங்கியது விட்பி என்ற ஊரில். யார்க்‌ஷயர் கடற்கரை. 1986, எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை.

எஸ்க் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலில் கலக்கும். நடுவில் 1908-09இல் கட்டிய பாலம். படகு வந்தால் இரண்டு பாதியும் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். பள்ளிக்குப் பிந்தினால் எல்லாப் பிள்ளைகளும் சொல்வது ஒன்றுதான்: "பாலம் திறந்திருந்தது, மிஸ்." மிஸ் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கடல் பெருகும் நேரத்தை ஒட்டித்தான் பாலம் திறக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? "இப்போது கடல் வற்றும் நேரமாயிற்றே" என்பார். சரி, மாட்டினோம்.

டிசம்பரில் பின்னேரம் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். வெளியே கடற்காகம் கத்திக்கொண்டிருக்க, 'படு' என்றால் எப்படிப் படுப்பது? நிறத்தைச் சொல்லிக் கேலி செய்த பையன்களும் இருந்தார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள்.

கிழக்குக் குன்றின் மேல் செயின்ட் மேரி தேவாலயம். அதற்கு 199 கற்படிகள். யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது, அம்மாவுக்கோ அந்தப் படிகள் மேல் தனிப் பிரியம். ஞாயிறுதோறும் எங்களைக் கூட்டிப்போவார். தமிழில் எண்ணிக்கொண்டே ஏற வேண்டும், பிழைத்தால் திரும்பக் கீழே. எண்பத்தொன்பது வரை ஓட்டமாகச் சொல்வேன், அடுத்தது 'ஒன்பது பத்து' என்று வாயில் வந்துவிடும். "தொண்ணூறு, தம்பி" என்று அம்மா கீழே கை காட்டுவார். அண்ணா அதற்குள் உச்சியில் நின்று சிரிப்பான். இடையில் மரப் பெஞ்சுகள் உண்டு. அந்தக் காலத்தில் சவப்பெட்டி தூக்கி வருபவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறிய இடமாம். தெரியாமல் அதில் இருந்துதான் முறுக்குச் சாப்பிட்டிருக்கிறோம்.

இறங்கியதும் மீனும் சிப்ஸும் விற்கும் கடை. சிப்ஸ் என்றால் அங்கே தடியாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. உப்பும் வினிகரும் தெளித்து, தாளில் சுற்றி, மேலே பொரிக்கும்போது உதிர்ந்த மாவுப் பொரியையும் சும்மா அள்ளிப் போடுவார்கள். அம்மா மரக்கறிக்காரி, மீன் தொடமாட்டார், சிப்ஸ் மட்டும்தான். இரண்டு வருடம் ரசித்துச் சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் பெருமையாகச் சொன்னார்: எங்கள் பக்கத்தில் சிப்ஸ் ருசியாக இருப்பதே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதால்தான்.

அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகினார். அதோடு எங்கள் வீட்டில் கடைச் சிப்ஸ் நின்றது.

அப்பா மட்டும் மாதத்தில் ஓரிரு நாள் "வேலை பிந்திவிட்டது" என்று வருவார். கோட்டில் வினிகர் மணக்கும். அம்மா கோட்டை வாங்கி, எதுவும் கேட்காமல், வெளியே கொடியில் போடுவார்.