பருவம் தப்பிய பனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர்காலம் முடிந்தது என்று கம்பளியை எல்லாம் மடித்து வைத்த பிறகு வந்து இறங்கும் பனிப்புயல் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். எழுதியவர்களில் பெரும்பாலானோர் மலைப் பள்ளத்தாக்குகளில் வசிப்பவர்கள். வானிலை நிலையத்தில் பார்வையாளராகவே என் வேலைக்காலம் கழிந்தது. கருவியில் பார்த்ததையும் ஜன்னல் வழியே பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. என் தங்கை வீடு அதே சரிவில் 200 மீட்டர் மேலே. சென்ற புயலில் பகல் முழுக்க எங்களுக்கு மழை, அவளுக்கு முழங்கால் அளவு பனி. சாயங்காலம் எங்களுக்கும் மழை சட்டென்று பனியாக மாறிவிட்டது. குளிர்காற்று எதுவும் வீசவில்லையே, எப்படி?

குளிரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது மேலிருந்து விழுந்த பனியேதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பள்ளத்தாக்கு வானிலையில் பாதி புரிந்த மாதிரி.

இப்படிப்பட்ட புயலில் உங்களுக்கு மழையாக விழுவதும் மேலே பனியாகத்தான் புறப்படுகிறது. வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டும் உயரத்துக்குக் கீழே வந்ததும் உருக ஆரம்பிக்கும். முழுதாக உருகி முடிய இன்னும் 200, 300 மீட்டர் இறங்க வேண்டும். அந்த எல்லைதான் பனிக்கோடு. பகலில் அது உங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்றிருக்கிறது.

ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான பனி உருகினால், அந்த இடத்துக்கு மேலே 1 கிலோமீட்டர் உயரம் நிற்கும் காற்று ஏறத்தாழ 3 டிகிரி குளிர்ந்துவிடும். சமவெளியில் புதுக்காற்று வந்து கலந்து அந்தக் குளிரைக் கரைத்துவிடும். பள்ளத்தாக்கிலோ காற்று மலைகளுக்கு நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. அதுவும் கீழே போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகும், குளிர வேண்டிய காற்றின் அளவும் குறையும். அதனால் பலத்த பொழிவு சில மணி நேரம் விடாமல் நீடித்தால் பனிக்கோடு படிப்படியாக அடிவரை இறங்கிவிடும். பள்ளத்தாக்கின் வாய்க்கு வெளியே அதே நேரம் மழைதான் பெய்துகொண்டிருக்கும்.

தூறலுக்கு இந்தச் சக்தி கிடையாது. பள்ளத்தாக்கு வழியே காற்று நன்றாக வீசினாலும் நடக்காது. கனத்த பொழிவு, அசையாத காற்று, இரண்டும் சேர வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். வெப்பமானி 3, 2 என்று இறங்கி 1 டிகிரிக்குக் கிட்டே வந்து அப்படியே நிற்கும். ஜன்னல் கண்ணாடியில் விழும் துளிகளைப் பாருங்கள். மழைத்துளி தெறிக்கும். பாதி உருகிய பனி தெறிக்காது, அழுக்கு வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு ஒட்டிக்கொண்டு, ஒரு நொடி நின்று, பிறகு வழுக்கி இறங்கும். அந்தத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தால் எதிர்ச் சரிவைப் பாருங்கள், மரங்களின் வெண்மை எந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று. முன்பு பார்த்ததைவிடக் கீழே வந்திருந்தால் வண்டியை மேட்டிலிருந்து இறக்கி வைக்கும் நேரம் அது.

கேள்வி: கைப்பேசியில் 5 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது, 30 சென்டிமீட்டர் விழுந்தது. அடுத்த முறை 30 என்று பயமுறுத்தினார்கள், ஒன்றும் இல்லை. இவர்களை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்த எண்ணை நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உலகம் முழுவதற்கும் கணக்குப் போடும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்காவின் உலகளாவிய மாதிரியில் சுமார் 13. உங்கள் பள்ளத்தாக்கின் அகலம் 2 கிலோமீட்டர் என்றால் அப்படி ஒரு பள்ளத்தாக்கு இருப்பதே அந்தக் கணக்குக்குத் தெரியாது. முகட்டையும் அடிவாரத்தையும் சராசரியாக்கி ஒரே மேடாக வைத்திருக்கும். உங்கள் வீடு அதில் பல நூறு மீட்டர் மேலே போய்விடும். சுவிட்சர்லாந்து மாதிரி மலைநாடுகள் 1 கிலோமீட்டர் கட்டத்தில் தனியாகக் கணக்குப் போடுவது இதனால்தான். ரேடாருக்கும் இதே கதி. அதன் கதிரை மலை மறைத்துவிடும், அல்லது கதிர் உங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் போய்விடும்.

இதோடு காற்றின் திசையும் சேர்கிறது. ஈரக்காற்று மோதும் பக்கத்தில் மேகம் எழும்பிக் கொட்டும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்று 1 கிலோமீட்டர் இறக்கத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாகும், உலரும். ஆல்ப்ஸில் இதற்கு ஃபொன் (Föhn) காற்று என்று பெயர், ராக்கி மலைகளில் சினூக். புயலின் பாதை கொஞ்சம் விலகி, காற்று தெற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பினால் போதும், கொட்ட வேண்டிய பள்ளத்தாக்கு மறைவுப் பக்கம் ஆகிவிடும். உங்களுக்கு இரண்டாம் முறை அப்படி நடந்திருக்கலாம்.

என் யோசனை: சென்டிமீட்டரைப் பார்க்காதீர்கள். முன்னறிவிப்பில் பனிக்கோடு எத்தனை மீட்டர், பொழிவு எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்தத் திசை, இந்த மூன்றையும் தேடுங்கள். உங்கள் வீட்டின் உயரம் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நீங்களே சொல்லிவிடலாம்.

கேள்வி: ஏப்ரலில் பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் எதிரே இருப்பது தெரியாத பனி, மறுபடி வெயில். நடுவில் இடி வேறு. பனியில் இடி இடிக்குமா?

இடிக்கும். வட அரைக்கோளத்தில் ஏப்ரல் நடுவில் சூரியன் ஆகஸ்ட் கடைசியில் இருக்கும் அதே உயரத்தில் இருக்கிறது. தரை சூடாகிவிடுகிறது. புயலின் வால்பகுதியில் வரும் காற்றோ 5 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 30 டிகிரி இருக்கும். கீழே சூடு, மேலே கடுங்குளிர். காற்று குபுகுபுவென்று மேலெழும்பி இடிமேகம் கட்டிவிடும். அப்போது விழுவது பெரும்பாலும் பூம்பனியாக இருக்காது, விரலால் நசுக்கினால் நொறுங்கும் வெண்குருணையாக இருக்கும். குருணை பார்த்தீர்கள் என்றால் மின்னலுக்கும் வாய்ப்பு உண்டு, முகட்டில் நிற்காதீர்கள்.

கேள்வி: ஜனவரியில் இதே 30 சென்டிமீட்டர் விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இப்போது கிளைகள் முறிந்து மின்கம்பி அறுந்தது. கூரைக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அளவுகோலைப் பார்த்து ஏமாறக் கூடாது, எடைதான் கணக்கு. கடுங்குளிரில் விழும் தூள்பனி ஒரு கனமீட்டர் 100 கிலோவுக்குள் இருக்கும். 0 டிகிரியில் விழும் ஈரப்பனி 200, 300 கிலோ. 100 சதுர மீட்டர் கூரையில் 30 சென்டிமீட்டர் தூள்பனி 3 டன்னுக்குள் அடங்கும். அதே உயர ஈரப்பனி 6 முதல் 9 டன். மேலே மழையும் பெய்தால் அந்தத் தண்ணீரையும் பனி குடித்துக்கொள்ளும்.

ஈரப்பனி ஒட்டும். ஊதினால் பறக்காது, கம்பியைச் சுற்றிக் கொழுத்துக்கொண்டே போகும். மரம் துளிர்விட்டிருந்தால் ஒவ்வொரு இலையும் ஒரு தாங்கி ஆகிறது. அதனால்தான் பிந்தி வரும் புயலில் இத்தனை கிளைகள் முறிகின்றன. தட்டையான கூரை, கார் நிறுத்தும் கொட்டகை, தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரம் இவற்றை முதலில் கவனியுங்கள். புயல் முடியட்டும் என்று காத்திருக்காமல் அவ்வப்போது தரையில் நின்றபடியே நீளக்கோலால் இழுத்துத் தள்ளுங்கள். கூரைமேல் ஏறாதீர்கள். கதவுகள் இறுகித் திறக்க மறுத்தால், கூரையில் முனகல் கேட்டால், வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பகலில் சாலை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பாலத்தின் மேல் வண்டி வழுக்கிவிட்டது. ஏன்?

பகலில் உருகிய தண்ணீர் இரவில் உறைந்தது. பாலத்துக்குக் கீழேயும் காற்று இருப்பதால் இரண்டு பக்கமும் குளிர்ந்து முதலில் உறையும். பிந்திய பருவத்தில் சாலையைப் பகலில் பெரும்பாலும் வெயில் பார்த்துக்கொள்ளும், இரவிலும் அதிகாலையிலும் நிழலான இடங்களிலும்தான் அதிக ஜாக்கிரதை தேவை.

கேள்வி: ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும்போது புயல் வந்தது. பூவெல்லாம் பனி மூடிவிட்டது. விளைச்சல் போய்விட்டதா? வயிற்றைக் கலக்குகிறது.

கலக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு வருட உழைப்பு அது. ஆனால் பனி விழும் இரவைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டாம். மேகம் மூடியிருக்கும், வெப்பநிலை 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். முழுதாக மலர்ந்த ஆப்பிள் பூவுக்குச் சேதம் ஆரம்பிப்பது சுமார் மைனஸ் 2 டிகிரியில். மைனஸ் 4 என்றால் பெரும்பாலானவை கருகிவிடும். உண்மையான எதிரி புயலுக்குப் பிறகு வரும் தெளிந்த இரவு.

மேகம் விலகியதும் தரையின் வெப்பம் வானத்துக்குப் போய்விடும். புதுப்பனி இதை இன்னும் மோசமாக்கும்: பகலில் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், இரவில் மண்ணின் சூடு மேலே வராமல் தடுக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆஸ்திரியாவில் கிரூன்லோக் என்ற குழியில் 1932இல் மைனஸ் 52.6 டிகிரி பதிவானது. அது 1,300 மீட்டர்கூட உயரமில்லாத இடம். வெளியேற வழியில்லாத பள்ளம் எவ்வளவு குளிரைச் சேர்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் தோட்டத்திலும் இதே வேலைதான் சின்ன அளவில் நடக்கிறது. ஒரு காற்றில்லாத இரவில் கீழ்க்கோடியில் ஒரு வெப்பமானி, சரிவின் நடுவில் ஒன்று கட்டிப் பாருங்கள், பல டிகிரி வித்தியாசம் காட்டும். கீழ்க்கோடியில் அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் அதுதான் குளிரை அணைகட்டி நிறுத்துகிறது. ஒரு இடைவெளி வெட்டிவிடுங்கள், வழிந்து போகும். புது மரம் வைப்பதானால் சரிவின் நடுப்பகுதியில் வையுங்கள்.

தெளிப்பான் இருந்தால் அன்றிரவு பயன்படுத்தலாம். முதல் பதிலில் சொன்ன 334 கிலோஜூல் இங்கே உங்கள் பக்கம் வேலை செய்யும்: தண்ணீர் உறையும்போது அந்த வெப்பத்தை வெளியே விடும், பூ 0 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் ஆரம்பித்தால் காலையில் ஐஸ் தானாக உருகும் வரை நிறுத்தக் கூடாது. நடுராத்திரியில் தண்ணீர் தீர்ந்தால், நனைந்த பூ ஆவியாகும் குளிரில் நனையாத பூவைவிட அதிகம் கெடும். அவ்வளவு தண்ணீர் இல்லை என்றால் தொடவே வேண்டாம்.

கேள்வி: புயல் முடிந்து வானம் நீலமாக இருக்கிறது. மேலே நடந்து போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், ஓரிரு நாள் பொறுங்கள். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் பெயர்கின்றன. புதுப்பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது, நடுவில் குருணை அடுக்கு இருந்தால் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் வெயில் பட்டதும் மேலடுக்கில் தண்ணீர் ஊறிக் கனம் ஏறும். முகட்டின் மறைவுப் பக்கத்தில் காற்று கொண்டுவந்து குவித்த பனி, விழுந்த பனியைப்போலப் பல மடங்கு ஆழம் இருக்கும். சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு சத்தம் கேட்டால், உடனே திரும்பிவிடுங்கள். புதைந்தவருக்கு முதல் கால் மணி நேரத்துக்குள் உதவி கிடைக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஏறாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: மலை ஓடைகள் சாலையைச் சந்திக்கும் இடங்களில் வண்டியை நிறுத்தாதீர்கள். பனிச்சரிவு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் கீழே வரும்.

கேள்வி: ஏப்ரலில் இவ்வளவு பனி இயற்கைக்கு மாறானது இல்லையா?

மலையில் இது இயற்கைதான். அமெரிக்காவில் 24 மணி நேரப் பனிப்பொழிவுக்கு நீண்ட காலமாகச் சொல்லப்படும் சாதனையே ஏப்ரல் மாதத்தது. கொலராடோ மாநிலத்தின் சில்வர் லேக்கில் 1921 ஏப்ரல் 14, 15 தேதிகளில் சுமார் 193 சென்டிமீட்டர் விழுந்தது. வசந்தகாலக் காற்று ஜனவரிக் காற்றைவிட அதிக ஈரம் சுமக்கும், அதனால் பிந்திய புயல் வந்தால் கொட்டித் தீர்க்கும். இதை வைத்துப் பூமி சூடாகவில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு புயல் வேறு, முப்பது வருட சராசரி வேறு.

கேள்வி: வீட்டிலேயே பனியை அளக்க முடியுமா?

தாராளமாக. வெள்ளையடித்த ஒரு பலகையை வீட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, காற்று சுழலாத இடத்தில் தரையில் வையுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அளவுகோலை நிமிர்த்திக் குத்தி ஆழம் பாருங்கள். அப்புறம் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பலகை வரை அழுத்தி, உள்ளே அகப்பட்ட பனியை எடுத்து வீட்டுக்குள் உருகவிட்டு, தண்ணீரின் உயரத்தை அதே டப்பாவில் மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த எண் எவ்வளவோ, ஒரு சதுர மீட்டர் கூரையில் அத்தனை கிலோ ஏறியிருக்கிறது. பலகையைத் துடைத்து மறுபடி வையுங்கள். மழை பனியாக மாறிய நேரத்தையும் வீட்டின் உயரத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேலே குடியிருக்கும் தங்கையும் கீழே நீங்களும் இப்படி எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.