கடவுள் மன்னித்த பிறகும் பழைய தவறு ஏன் உறுத்துகிறது?

கிறிஸ்தவத்தில் மன்னிப்பு என்பது, தவறை ஒளிக்காமல் அறிக்கையிட்டு மனந்திரும்புகிறவரின் கடனைக் கடவுள் ரத்து செய்வது (1 யோவான் 1:9). அழுத கண்ணீரின் அளவைப் பார்த்து அல்ல. இயேசு சிலுவையில் அதைத் தீர்த்துவிட்டார் என்பதால்.

தி.நகர் நடைபாதையில் பூ விற்கும் அக்கா தண்டல் (தினமும் தவணை கட்டும் கடன்) வாங்கியிருக்கிறார். அண்ணன் வந்து மொத்தப் பணத்தையும் கட்டி, தண்டல் அட்டையையும் கிழித்துவிட்டார். மறுநாள் சாயங்காலமும் அக்கா பழக்கதோஷத்தில் சுருக்குப்பையிலிருந்து நோட்டுகளை எண்ணித் தனியாக வைக்கிறார். கடன் இல்லை, பழக்கம்தான் போகவில்லை. உறுத்தலும் இப்படித்தான், அது வந்தால் மன்னிப்பைச் சந்தேகிக்காதீர்கள், தயவுசெய்து.

மன்னிப்பு கிடைத்தால் பாதிக்கப்பட்டவரிடம் போக வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வரி வசூலிப்பவரான சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார் (லூக்கா 19:8).