ஒரே பாறை, இரண்டு வகை நத்தை: டி.என்.ஏ. பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

வட அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வாழும் லிட்டோரினா சாக்சடிலிஸ் என்ற சின்ன நத்தையைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, ஸ்வீடன் கரையில் இந்த நத்தை இரண்டு வகையாக இருக்கிறதாமே? ஓட்டைப் பார்த்தே பிரிக்கலாம் என்றால் டி.என்.ஏ. எதற்கு?

நண்டு நடமாடும் கற்களுக்கிடையே வாழ்பவை பெரியவை. ஓடு தடிமன், ஓட்டின் வாய் குறுகல். அலை மோதும் மொட்டைப் பாறையில் இருப்பவை சிறியவை. ஓடு மெல்லியது, வாய் அகலம். பாறையைப் பற்றிக்கொள்ளப் பெரிய பாதம் வேண்டுமே! இரண்டும் சந்திக்கும் சில மீட்டர் இடைவெளியில் கலப்பு நத்தைகள்தான் அதிகம். அங்கே ஓட்டை நம்ப முடியாது. போதாக்குறைக்கு, இந்தக் குடும்பத்து நத்தைகளில் சிலவற்றுக்கு, தண்ணீரில் நண்டு வாடை இருந்தாலே ஓடு தடித்து வளரும்.

சி.ஓ.ஐ. பார்கோடு, அதாவது ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காணும் முறை, செய்தால் போதாதா?

போதாது. சுமார் 650 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு, செல்லுக்குள் இருக்கும், தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருக்கிறது. சாக்சடிலிஸ் குட்டி போடும்; நெருங்கிய உறவான லிட்டோரினா ஆர்கானா முட்டையிடும். இரண்டும் தனி இனங்கள். அப்படியும் ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் இரண்டிலும் கிடைக்கின்றன. குட்டி போடும் இனமா, முட்டையிடும் இனமா என்று பெண் நத்தையைத் திறந்து பார்த்தால் தெரிவது பார்கோடில் தெரியாது.

முழு ஜீனோமையும், அதாவது மொத்த டி.என்.ஏ.வையும், படித்தால் தெளிவாகிவிடுமா?

எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த நத்தையின் குரோமோசோம்களில் பல இடங்களில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கும். நேர் வடிவமும் தலைகீழ் வடிவமும் ஒரே நத்தையில் சேர்ந்தால், அந்தத் துண்டுக்குள் மரபணுக்கள் இடம் மாறிக் கலப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஓட்டின் வடிவம், அளவு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் பல இப்படிக் கட்டாகவே பேரனுக்கும் போய்ச் சேரும். மற்ற பகுதிகளில் இரு வகைகளும் தாராளமாகக் கலந்துகொண்டிருக்கும்.

ஆய்வில் இறங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தத் துண்டிலுள்ள எழுத்து வேறுபாடுகளை மட்டும் வைத்து பி.சி.ஏ. (ஒத்த நத்தைகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் வரைபடம்) வரைந்தால் புள்ளிகள் மூன்று கொத்தாக விழும். மூன்று கூட்டங்கள் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு பிரதியும் நேராக இருப்பவை, இரண்டும் தலைகீழானவை, ஒவ்வொன்று இருப்பவை; அவ்வளவுதான். தலைகீழ்ப் பகுதிகளைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் வரைந்து பாருங்கள்.

ஒரு வகை இன்னொன்றாக மாறுவதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. 1988-இல் நச்சுப் பாசி பெருகியதில் ஸ்வீடனின் கோஸ்டர் தீவுப் பக்கம் சிறு பாறைத்திட்டுகளில் நத்தைகள் அழிந்தன. 1992-இல் கடல் உயிரியலாளர் கெர்ஸ்டின் யோஹான்னசன் அப்படியொரு திட்டில் நண்டு வகை நத்தைகள் 700 கொண்டுபோய் விட்டார். சுமார் 30 ஆண்டுகளில் அவற்றின் சந்ததி அலை வகையாகவே ஆகிவிட்டது. 2024-இல் வெளியான ஜீனோம் முடிவுகளின்படி, தேவையான மரபணு வடிவங்களில் பல, கொண்டுவந்த நத்தைகளிலேயே குறைந்த அளவில் இருந்தன. பக்கத்துத் திட்டுகளிலிருந்து வந்த நத்தைகளும் கொஞ்சம் சேர்த்தன.

டி.என்.ஏ. எடுத்தேன், பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) வரவே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் நத்தையின் சளிதான் காரணம். அதிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும். அந்தச் சர்க்கரையைப் பிரித்து நீக்கும் சிடேப் (CTAB) முறையில் டி.என்.ஏ. எடுங்கள். பாதத்தில் சின்னத் துண்டு போதும், குடல் பக்கம் போகாதீர்கள். எடுத்த கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை பி.சி.ஆர். ஓட்டிப் பாருங்கள். அப்புறம், எத்தனாலில் போட்டதும் நத்தை மூடியை இறுக்கிக்கொண்டால் திரவம் உள்ளே போகாது. அதனால் ஓட்டை உடைத்துப் போடுங்கள். உடைக்கும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.