புது ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டியும் பழைய டிராக்டர் ஏன் திணறுகிறது?

பல நேரம் கோளாறு மோட்டாரில் இல்லை, வோல்டேஜ் டிராப்பில் இருக்கிறது. பேட்டரியில் இருந்து கிளம்பும் வோல்டேஜ் வழியிலேயே குறைந்துபோவதற்குத்தான் அந்தப் பெயர்.

ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் ஓடும் பாதையில் துருவோ தளர்ந்த போல்ட்டோ 0.01 ஓம் தடை சேர்த்தாலே 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் வண்டிக்கு அது கால் பங்கு! தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் ஹோஸை யாரோ மிதித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

புது மோட்டாரின் மேல் அடித்த பெயின்ட்டே எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை, தடுப்பதும் உண்டு. எஞ்சினோடு ஒட்டும் பகுதியைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (சில பழைய வண்டிகளில் அது பாசிட்டிவ்) மற்றதை மோட்டார் உடம்பிலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதைதான் காரணம். மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மெதுவாகச் சுற்றினால், சரி, அப்போது மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

‘ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். விளக்குக்குச் சில ஆம்பியரே போதும், பழுதான பாதையிலும் அது எரியும்.