முதுகுப்பை வாங்கும் முன்: வாசகர் கேள்வி - பதில்

மூன்று, நான்கு நாள் மலைநடைக்கு ஏற்ற நடுத்தர எடை முதுகுப்பை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கான சின்னப் பைகளைப் பற்றி இதில் பேசவில்லை.

கேள்வி: முதல் முறையாக நான்கு நாள் மலைநடைக்குப் போகப் போகிறேன். ஒரு நண்பர் 70 லிட்டர் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் 40 போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: பையைக் கடைசியாக வாங்குங்கள். டென்ட், ஸ்லீப்பிங் பேக், மேட், மாற்றுடை, அடுப்பு எல்லாம் கைக்கு வந்த பிறகு அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் உறையில் நன்றாக அமுக்கியே வைக்க வேண்டும். நான்கு நாள் உணவும் உள்ளே போக வேண்டும். அடுக்கி முடித்ததும் சாமான் நிறைந்திருக்கும் இடத்தின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 50 செ.மீ. நீளம், 35 அகலம், 28 உயரம் என்றால் 49 லிட்டர். அதோடு ஐந்தாறு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில், விறைத்த கையோடு அடுக்கும்போது வீட்டில் அடுக்கியதைப்போல வராது. ஆக, இந்தச் சாமான்களுக்கு 55 லிட்டர் பை சரி. மூன்று நான்கு நாள் நடை என்றால் பெரும்பாலோருக்கு 50 முதல் 60 லிட்டருக்குள்தான் கணக்கு வந்து நிற்கும்.

பையில் அச்சிட்டிருக்கும் லிட்டர் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். சில நிறுவனங்கள் பெரிய அறையை மட்டும் கணக்கில் எடுக்கின்றன, சில நிறுவனங்கள் பக்கவாட்டு வலைப்பைகளையும் சேர்த்துச் சொல்கின்றன. ஒரே 55 என்ற எண்ணுக்கு உள்ளே ஏழெட்டு லிட்டர் வித்தியாசம் இருக்கலாம்.

தேவைக்கு மேல் பெரிய பை வாங்கினால் இரண்டு தொல்லை. காலி இடத்தைப் பார்த்தால் இன்னொரு சட்டையைத் திணிக்கத் தோன்றும். திணிக்காமல் விட்டாலோ, சாமான் உள்ளே உருண்டு அடியில் தொங்கிவிடும். நடக்கும்போது பை பக்கவாட்டில் ஆடும்.

கேள்வி: நடுத்தர எடைப் பை என்று எதைச் சொல்கிறீர்கள்? 800 கிராமில் பை கிடைக்கும்போது 1.5 கிலோ பையை ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: வெறும் பையின் எடை ஏறக்குறைய 1.2 முதல் 1.8 கிலோவுக்குள் இருந்தால் நடுத்தரம். அதற்குக் கீழே மிக இலகுவானவை. 2 கிலோவுக்கு மேல் போனால் 20 கிலோ சுமைக்கென்று செய்த கனமான பைகள்.

உங்கள் மொத்தச் சுமையை முதலில் கூட்டிப் பாருங்கள். டென்ட் 1.5 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.1, மேட் 0.5, உடை 1.6, அடுப்பும் பாத்திரமும் எரிவாயுவும் 0.8, மழைக்கோட்டு, டார்ச், மருந்து போன்ற சில்லறைகள் 1 கிலோ என்று வைத்தால் 6.5 கிலோ. நாளுக்கு 700 கிராம் உலர் உணவு என்றால் நான்கு நாளைக்கு 2.8. தண்ணீர் இரண்டு லிட்டர், அதாவது 2 கிலோ. மொத்தம் 11.3. பையின் எடையையும் சேர்த்தால் 13 கிலோவைத் தொடுகிறது.

இந்த எடையைத் தாங்க ஃப்ரேம் வேண்டும். பையின் முதுகுப் பக்கத்தில் ஓடும் அலுமினியக் கம்பியோ, வளைந்த சட்டமோதான் மேலே இருக்கும் சுமையை இடுப்பு பெல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிறது. ஃப்ரேம் இல்லாத பை 8, 9 கிலோவைத் தாண்டினால் நடுவில் மடங்கி உட்கார்ந்துவிடும். அப்போது பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சுமை தோளிலேயே தொங்கும். பையில் 700 கிராம் மிச்சம் பிடிக்கப் போய், 13 கிலோவையும் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். சாமான்களின் எடையைக் குறைத்த பிறகு இலகுவான பைக்கு மாறுவது நல்ல வழி. வரிசையை மாற்றினால் உடம்புதான் பாடுபடும்.

வாங்கும்போது லிட்டரோடு, எத்தனை கிலோ வரை வசதியாகச் சுமக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா பாருங்கள். உங்கள் கணக்கு 13 என்றால், 15 அல்லது 16 கிலோ எழுதியிருக்கும் பை பொருத்தம்.

கேள்வி: என் உயரம் 178 செ.மீ. அண்ணனின் எல் சைஸ் பையை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. இறக்கிவிட்டால் தோளில் இடைவெளி விழுகிறது. பெல்ட் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: பெல்ட்டில் குறை இருக்காது, சகோதரி. பை உங்கள் முதுகைவிட நீளம். உயரத்தை வைத்துப் பை வாங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. கால் நீளமாக இருப்பவர்களுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம். உங்களைவிடக் குள்ளமானவருக்கு உங்களைவிட நீண்ட முதுகு இருப்பதும் சாதாரணம்.

முதுகை அளக்க இன்னொருவர் துணை வேண்டும். தையல் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தலையைக் குனியுங்கள், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அதுதான் மேல் புள்ளி. பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, விலாவுக்குக் கீழே கை போய் முட்டி நிற்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். கட்டை விரல்கள் பின்பக்கம் முதுகுத்தண்டை நோக்கி இருக்கட்டும். இரண்டு கட்டை விரல்களையும் இணைக்கும் கோடு முதுகுத்தண்டை வெட்டும் இடம் கீழ்ப் புள்ளி. நிமிர்ந்து நின்றதும், முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டவைத்து அளக்க வேண்டும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அளவு குறைந்துவிடும். 45 செ.மீ. வரை பொதுவாகச் சிறிய அளவு, 45 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் எஸ், எம், எல் எழுத்தைப் பார்க்காமல் சென்டிமீட்டரைப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நடப்பது இதுதான். பெல்ட்டை இடுப்பெலும்பில் சரியாக உட்கார வைக்கிறீர்கள். பை நீளம் என்பதால் தோள் வார் தோளில் படியாமல் மேலே எழும்பி நிற்கிறது. அந்த இடைவெளியை மூட வாரை இறுக்குகிறீர்கள். இறுக்க இறுக்க முழுப் பையும் மேலே தூக்கப்பட்டு, பெல்ட் எலும்பை விட்டு வயிற்றில் ஏறிவிடுகிறது.

சில பைகளில் தோள் வார்களின் பின்பகுதியை வெல்க்ரோவிலிருந்து பிரித்து மேலும் கீழும் நகர்த்தலாம். அண்ணனின் பை அப்படிப்பட்டதா என்று பாருங்கள். இருந்தால், வார் முதுகில் தொடங்கும் இடம் அந்தக் கழுத்தெலும்புக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. கீழே வரும்படி இறக்குங்கள். அது இல்லாத பையென்றால், எந்த வாரை இழுத்தும் பயனில்லை. உங்கள் அளவில் வேறு பைதான் வேண்டும். பெண்களுக்கென்று வரும் பைகளையும் போட்டுப் பாருங்கள். தோள் வார்கள் நெருக்கமாகவும், மார்பை ஒட்டி வளைந்தும் இருக்கும். இடுப்பு பெல்ட் சற்றுச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும்.

போடும் வரிசையும் முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டுங்கள். முதலில் பெல்ட்: அதன் அகலத்தின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் விழ வேண்டும். பக்கிளைப் போட்டு இறுக்கியதும், பெல்ட்டின் இரு மெத்தை முனைகளுக்கும் நடுவே ஏழெட்டு செ.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். முனைகள் முட்டிக்கொண்டால் பெல்ட் பெரியது, இனி இறுக்க இடமில்லை, இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்து தோள் வார், தோளைத் தழுவும் அளவுக்கு மட்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் குட்டி வார்கள். இவற்றை லோட் லிஃப்டர் என்பார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் அவை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் பை உங்கள் முதுகுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். கடைசியாக மார்பு வார், காறை எலும்புக்குக் கீழே மூன்று நான்கு விரல் தள்ளி. எல்லாம் முடிந்ததும் தோள் வாரை அரை அங்குலம் தளர்த்தினால் சுமை இடுப்பில் இறங்குவது உடனே தெரியும்.

கேள்வி: இரண்டு மணி நேரம் நடந்ததும் விரல்கள் மரத்துப்போகின்றன. ஒரு தடவை தொடையின் வெளிப்பக்கமும் மரத்தது. இது பையாலா?

பதில்: பெரும்பாலும் பையால்தான். கைக்குப் போகும் நரம்புகள் தோளின் முன்பக்கம், அக்குள் வழியாக இறங்குகின்றன. சுமை முழுவதும் தோளில் தொங்கினால் வார் அவற்றை அழுத்தும். சுமையை இடுப்புக்கு மாற்றுங்கள், மார்பு வாரைத் தளர்த்துங்கள். தொடையின் வெளிப்பக்கம் மரப்பதற்கு வேறு நரம்பு: அது இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்குகிறது. பெல்ட் கீழே சரிந்து அந்த முனையைக் கவ்விக்கொண்டால் தொடை மரக்கும். பெல்ட்டை ஒரு விரல் உயர்த்தி, சற்றுத் தளர்த்துங்கள். பையை இறக்கி வைத்த பிறகும் மரப்பு நீடித்தாலோ, கையில் பிடிப்பு வலு குறைந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: முதுகில் வலை இழுத்துக் கட்டிய பை நல்லதா, ஃபோம் மெத்தை வைத்தது நல்லதா?

பதில்: அதிகம் வியர்ப்பவர்களுக்கும் வெப்பமான இடங்களில் நடப்பவர்களுக்கும் வலை. காற்று போகும், சட்டை ஒட்டாது. ஆனால் வலைக்கும் பைக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று நான்கு செ.மீ. சுமையை முதுகை விட்டுப் பின்னுக்குத் தள்ளுகிறது; பையின் உட்சுவரும் வளைந்திருப்பதால் அடுக்குவது சிரமம். பாறைகளில் கை வைத்து ஏறும் பாதை என்றாலும், 13 கிலோவுக்கு மேல் சுமந்தாலும் ஃபோம்தான்.

கேள்வி: பை சரியான அளவுதான். ஆனாலும் பின்னால் இழுக்கிறது, குனிந்தே நடக்கிறேன்.

பதில்: கனமானவை வெளிப்பக்கம் போய்விட்டன. அடியில் ஸ்லீப்பிங் பேக், இரவுக்கு முன் தேவைப்படாத உடை. அதன் மேல், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில் உணவு மூட்டையும் டென்ட்டும். அவற்றைச் சுற்றி வெளிப்பக்கம் ஸ்வெட்டர் மாதிரி மெத்தென்றவை. மேலே மழைக்கோட்டு. தண்ணீர் பாட்டில்களை இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரு லிட்டர் தொங்கினால் மாலைக்குள் ஒரு பக்க இடுப்பு வலிக்கத் தொடங்கும்.

கேள்வி: ரெயின் கவர் கூடவே வருகிறதே, அது போதாதா?

பதில்: போதாது. கவர் பையின் முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியாக வழியும் மழை உங்கள் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே போகும். பலத்த காற்றில் கவரே பறந்துவிடும். பைக்குள் பெரிய, தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, ஸ்லீப்பிங் பேக்கையும் காய்ந்த உடையையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். நனைந்த ஸ்லீப்பிங் பேக்கோடு மலையில் இரவைக் கழிப்பது ஆபத்து, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: 210டி, 420டி என்கிறார்களே, அது என்ன? அக்கா பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய பையைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: டி என்பது டெனியர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அந்த எண். உடல்பகுதி 210, அடிப்பகுதி 420 நைலான் என்பது நடுத்தரப் பைக்கு நல்ல சேர்க்கை. பாறையில் இறக்கி வைக்கும்போது தேய்வது அடிப்பகுதிதான். பக்கவாட்டு வலைப்பைகளையும் தடவிப் பாருங்கள். முட்செடியில் முதலில் கிழிவது அவை.

அக்காவின் பையில் முதலில் கையை உள்ளே விட்டுத் துணியைத் தடவுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ உட்பூச்சு சிதைந்துவிட்டது. ஈரத்தோடும் புழுக்கத்தோடும் கட்டி வைத்த பைகளில் பாலியூரித்தேன் பூச்சு இப்படித்தான் போகும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. துணி வலுவாக இருந்தால், உள்ளே பிளாஸ்டிக் பை போட்டுப் பயன்படுத்தலாம்.

பெல்ட்டின் மெத்தையைக் கட்டை விரலால் அமுக்குங்கள். குழி உடனே மேலே வராவிட்டால் ஃபோம் செத்துவிட்டது. அப்படிப்பட்ட பையைத் தவிர்க்கலாம். ஜிப்பை இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, முதுகு அளவும் பொருந்தினால், பத்துப் பன்னிரண்டு கிலோ எடைக்குத் தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அடுக்கி, அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். புதுப் பை வாங்கும்போதும் கடையில் இதையே செய்ய வேண்டும்; காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பக்கிள் உடைந்திருந்தால் கவலை வேண்டாம். வாரின் அகலத்தை அளந்து (இடுப்பு பெல்ட்டில் 38 அல்லது 25 மி.மீ. இருக்கும்) அதே அளவில், தைக்காமலே மாட்டக்கூடிய பிளவு வைத்த பக்கிள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கூடவே இன்னொன்றும் வாங்கிப் பையின் மூடிப்பகுதியில் போட்டு வையுங்கள். தரையில் கிடக்கும் பெல்ட்டை யாராவது மிதித்தால் முதலில் நொறுங்குவது அதுதான்.